இரண்டு கை மீன்தூள்

அன்புத் தம்பிக்கு,

நீயும் வீட்டில் எல்லாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். எனக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறையில்லை. உன் அத்தானுக்குக் காய்ச்சல் வந்து போயிற்று. அவரை விட்டுப் போனது காய்ச்சல் மட்டும்தான். மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது.

ஃபோன் பேசினால் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார். அதனால்தான் கடிதம். அடுத்த மாதம் உன் கம்பெனிக் கூட்டத்தில், நம் குளத்து மீன்கள், காய்ந்த மீனை அரைத்த மீன்தூளே இல்லாமல், உங்கள் புதுத் தீவனத்திலேயே நன்றாக வளர்ந்தன என்று சொல்லப் போகிறாய் அல்லவா? சொல்லாதே. அது உண்மையில்லை.

பாக்டீரியாவைத் தொட்டியில் வளர்த்து, காயவைத்து, பொடித்து நீங்கள் செய்த அந்தத் தீவன மூட்டைகள் வந்து இறங்கிய அன்றே, "கிருமிச் சோறு" என்று அவர் பெயர் வைத்துவிட்டார். மூட்டையைத் தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவினார். அவருடைய சிநேகிதர், எங்கே போனாலும் கருவாட்டு நெடியையும் கூட்டிக்கொண்டு போகிற அந்த மீன்தூள் வியாபாரி, "மச்சினன் அனுப்பினா விஷத்தையும் போடுவீங்களோ?" என்று கேட்டார். இருவரும் சிரித்துக்கொண்டே என் தயிரை வழித்து வழித்துச் சாப்பிட்டார்கள். தயிரைத் தயிராக்கியது யார், பக்கத்து வீட்டுக்காரரா என்று கேட்டேன். இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டார்கள். என் ஆறாம் வகுப்பில் இதைக் கேட்டால் கடைசி பெஞ்சும் கை தூக்கும்.

அவர் காய்ச்சலில் படுத்ததும் தீவனம் போடுகிற வேலை எனக்கு வந்தது. நான் கிளம்பும்போது போர்வைக்குள்ளிருந்து ஒரு குரல்: "உன் தம்பி தீவனத்துல அந்த நீல டப்பாவுலேருந்து ரெண்டு கை கலந்துடு. இல்லேன்னா வாய் வைக்காதுங்க." திறந்து பார்த்தேன். மீன்தூள். ரெண்டு கை என்று அவர் சொன்னாலும், டப்பாவுக்குள் அள்ளிப் போடக் கிடந்தது ஒரு பெரிய படி. விசாரித்தால், முதல் நாளிலிருந்தே கலந்திருக்கிறார்.

ஏன் என்று கேட்டேன். "அதுல வாசனையே இல்ல. பாவம், வாயில்லாத ஜீவன். உன் தம்பி மானமும் போயிடக் கூடாதுல்ல" என்றார். பரீட்சை எழுதுகிற பிள்ளைமேல் இரக்கப்பட்டுக் காதில் விடையைச் சொல்லிவிட்டு, அவன் பாஸானதும் தனக்கு மாலை எதிர்பார்த்த ஓர் ஆசிரியரை எனக்குத் தெரியும். அவரையாவது மாற்றல் கொடுத்து அனுப்பினார்கள். இவரை எங்கே அனுப்புவது? மீன்தூளுக்கு மாற்றைச் சோதிக்கிற குளத்தில் மீன்தூளைக் கொட்டிவிட்டு, மாதாமாதம் மீனை நிறுத்து உனக்கு எடை சொல்லும்போது அந்தக் குரலில் என்ன பெருமை! நினைத்தால் எனக்குக் கூசுகிறது.

நான் கலக்காமல் போட்டேன். முதல் நாள் மீன்கள் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின. "என்ன, மூஞ்சியத் திருப்பிக்கிச்சா?" என்று படுக்கையிலிருந்து கேட்டார். காய்ச்சலிலும் முகத்தில் வெற்றிக் களை. மறுநாள் பாதி தின்றன. அவர் எழுந்து உட்கார்ந்த அன்று, நான் வீசியதும் தண்ணீர் கொதிப்பது போலப் பாய்ந்து வந்தன. அவரிடம் சொன்னேன். "பசி" என்றார். பசிக்குத்தானே தீவனம் என்றேன். போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

ஆனால் தம்பி, தின்பது வேறு, வளர்வது வேறு. நான் பார்த்த சில நாட்களை வைத்து நீ எதையும் நிரூபிக்க முடியாது. உன் எண்களை நம்பி யாரோ ஒருவர் குளம் முழுவதையும் இந்தத் தீவனத்துக்கு மாற்றி, மீன் இளைத்து நின்றால், ரகசியமாகக் கலந்து காப்பாற்ற அவருக்கு உன் அத்தான் கிடைக்க மாட்டார். இந்தச் சோதனை தவறினால் உன் வேலை நிலைக்காது என்று நீ சொன்னதை மறந்துவிட்டு நான் இதை எழுதவில்லை. புதிதாக மூட்டை அனுப்பு. தீவனம் நான் போடுகிறேன். டப்பாவை என் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். புடவையெல்லாம் நாறுகிறது, நாறட்டும்.

அத்தானை நீயே கூப்பிட்டுத் திட்டு. என் திட்டு அவருக்குப் பழகிவிட்டது. உன்மேல் பிரியம் வைத்திருக்கிறார், அதனால் உறைக்கும்.

கூட்டத்தில் அத்தனை பேர் நடுவில் எழுந்து நின்று, "இன்னும் எங்களுக்குத் தெரியாது" என்று சொல்கிற தெம்பு உனக்கு வரட்டும். சொல்லி முடித்ததும், அவர்கள் என்ன சொன்னாலும் சரி, முதலில் என்னைக் கூப்பிடு.

உன் அக்கா