திரும்பி வந்த வீம்பு

வியாழன், இரவு.

என் வீட்டுக்காரருக்குப் புத்தி தெளிந்துவிட்டது.

என் தம்பி வீட்டுக் காதுகுத்துப் பத்திரிகையில் தன் பெயர் விட்டுப்போனதற்காக வருடக்கணக்காக அவனோடு பேசாத மனுஷர், போன வாரம் அவனைப் பார்த்ததும், "வா மாப்ள, சாப்பிட்டியா?" என்றார். வீடே சந்தோஷப்பட்டது. எனக்கு மட்டும் இது அவர் இல்லையே என்று பட்டது. மறுநாள் என் பெயரே அவர் வாயில் வரவில்லை. மறதி நோய்தான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். குடலில் தானாக உண்டாகும் அம்மோனியாவை ஈரல் சுத்தம் செய்யவில்லை, அது மூளைக்கு ஏறிவிட்டது என்றார். "மறதி நோய் இல்லம்மா. வயிறு நல்லா போனா அதுவும் வெளியேறிரும், தெளிஞ்சிருவாரு" என்று சிரப் எழுதிக் கொடுத்தார். நம் உடம்பே நமக்கு விஷம் காய்ச்சுமா? ஈரலைப் பற்றி அவர் சொன்ன மற்றதை நான் இன்றைக்கு நினைக்கப் போவதில்லை.

சிரப் வேலை செய்தது. சாயங்காலம் தம்பி சமயநல்லூரிலிருந்து கொய்யாப்பழத்தோடு வந்தான். இவர் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

தம்பி வெளியே வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். "அக்கா, மாமா பொழச்சுட்டாரு!"

பழத்தை இவர் தொடவே இல்லை. ஒரு வாரமாகச் சோறு இறங்காத நான்தான் உட்கார்ந்து அம்புட்டையும் தின்றேன்.