நேத்து முன்னால, இன்னிக்குப் பின்னால

துபாய்
வெள்ளிக்கிழமை

நைனாவுக்கு தசரதன் வணக்கம். நீயும் அம்மாவும் நல்லா கீறீங்களா? உன் முட்டிவலி இப்ப எப்டி கீது? எனக்கு அசதி மட்டுந்தான், வேற ஒண்ணுமில்ல.

போன வாரம் எங்க ஓட்டல்ல பெரிய மாநாடு. எந்த நாடு கடல்ல எவ்ளோ மீன் புடிக்கலாம்னு எல்லா நாட்டுக்காரங்களும் வந்து பேசினாங்க. மேசை மேல நாட்டுப் பேரு பலகைங்கள வைக்கறது என் வேலை. மொத நாள் பெரிய நாடுங்க முன்வரிசை, சின்னத் தீவுங்க கதவாண்ட. மறுநாள் நானே மாத்தி வெச்சிட்டேன். நம்ப ஏரியில பாடு அப்டித்தானே நைனா? இன்னிக்கு நல்ல எடத்துல வலை போட்டவன், நாளைக்கு அடுத்தவனுக்கு உட்டுட்டுப் போவான். சூப்பர்வைசர் கத்தினான் பாரு! அவனுக்குப் பாடுன்னா இன்னான்னு சொல்ல எனக்கு இந்தி பத்தல. இப்ப கீழ பாத்திரம் கழுவறேன். கவலப்படாத, அங்க ஏசி குளிரு இல்ல. அவங்க அஞ்சு நாள் பேசியும் ஒண்ணும் முடிவாவாமயே கெளம்பிட்டாங்க.

யாராவது இங்க வந்தா, அம்மாவ கொஞ்சம் காஞ்ச எறா குடுத்தனுப்பச் சொல்லு. ஒரு பழைய லுங்கியும்.

கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கறான். ஒண்ணே ஒண்ணு நைனா. முகத்துவாரம் மண்ணு மூடி ஏரியில மீனில்லன்னாலும், கோயிலாண்ட பேரு கூப்ட்டுப் பாடு பிரிப்பாங்க இல்ல? ஊர்ல இல்லாதவன்னு என் பேர எடுத்துடப் போறாங்க. கூப்டும்போது நீ எழுந்து நின்னு, 'கீறான்'னு சொல்லு.

தசரதன்