மூன்று முறை திறந்த மூடி

என் மாமாவுக்கு,

நலமா என்று கேட்கத்தான் வாய் வருகிறது. இருப்பவர்களிடம் கேட்கிற கேள்வி அது. ஆனாலும் கேட்டு வைக்கிறேன், நலமா?

தை மாதக் காய்ச்சலில் மூன்றே நாளில் போய்விட்டீர்கள். இந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறாம் வருஷத்துப் பாஸ்கு, ஏசு உயிர்த்த திருநாள், நீங்கள் இல்லாமலே நேற்று வந்து போனது. இந்த வருஷம் கறி வேண்டாம் என்றுதான் இருந்தேன். பெரிய வெள்ளியன்று கோயிலிலிருந்து திரும்பும்போது மேரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா செய்யற பழக்கறி இனிமே கெடையாதாம்மா?" என்று கேட்டுவிட்டாள். நம் மகளுக்கு ஒன்பது வயசுதானே. செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

சொல்லிவிட்டேனே தவிர, எனக்கு என்ன தெரியும்? சிதம்பரத்தில் வெள்ளிக்கிழமை வெங்காயம்கூட நறுக்காத வீட்டில் பிறந்தவள். உங்களுக்காக அப்பாவை விட்டு, பெயரைக்கூட மாற்றிக்கொண்டு கடலூர்த் துறைமுகத்துக்கு வந்தேன். நாக்கை மட்டும் மாற்றமாட்டேன் என்றேன். "சரிம்மா சைவக்காரி" என்று பின்கட்டில் தனி அடுப்பு போட்டுக்கொண்டீர்கள்.

பத்து வருஷம், பாஸ்குக்குப் பாஸ்கு, இரும்புச் சட்டியில் பன்றிக்கறியும் முந்திரிப் பழமும் சவுக்குத் தணலில் காலையிலிருந்து மூன்று மணிவரை வெந்தன. நான் கூடத்தில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். "ஜோதி பாக்க எங்கப்பா கூட்டிப்போவாரே வடலூரு, அங்க வெளஞ்ச பழத்தப் போயி பன்னிக்கறியில போடுறீங்களே, அடுக்குமா?" என்பேன். "பழத்துக்கு ஏதுடி சாதி சமயம்?" என்று சிரிப்பீர்கள்.

கடைசியில் கிண்ணத்தில் ஒரே ஒரு துண்டுப் பழத்தோடு வந்து நிற்பீர்கள். "கறி வேணாம். பழத்த மட்டும் ருசி பாரு, எனக்காவ. அவ்ளோ இனிப்பா இருக்கும்." கறிச்சாற்றில் ஊறிய பழமும் கறிதான் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஒரு வருஷமாவது நீங்கள் கோபித்தீர்களா? கோபித்திருந்தால் இன்று எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

சனிக்கிழமை சாயங்காலம் உங்கள் தங்கை கறியும் பழமும் வாங்கிவந்து கொடுத்தாள். "பழத்த அண்ணன் எப்போ போடும் அண்ணி? அடுப்புகிட்ட யாரையும் விடாதே அது" என்றாள். யோசித்துப் பார்த்தேன். பார்க்காமல் இருந்தேனே தவிர, பத்து வருஷமும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். பூண்டும் மிளகும் அம்மியில் நசுங்கும். கறி சட்டியில் சீறும். புளித்த காடி ஊற்றியதும் உங்களுக்குத் தும்மல் வரும். அப்புறம் மூடி மூன்று முறை திறக்கும். இரண்டாவது முறை திறந்த பிறகுதான் கூடத்துக்கு இனிப்பு வாசனை வரும். பழம் அப்போதுதான் விழுந்திருக்கவேண்டும்.

அந்தச் சத்தங்களை நினைத்து நினைத்தே நேற்றுச் சமைத்தேன். மூடிமேல் தணலை அள்ளிப் போட்டுக் காத்திருந்தேன். மூன்று மணிக்குக் கறி பஞ்சாய்ப் பிரிந்தது. உங்கள் தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மேரி பழத்தை வாயில் வைத்ததும் இருமினாள்.

"தொண்டைய அறுக்குதும்மா!"

உங்கள் தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். "அய்யோ அண்ணி, ராத்திரி முழுக்க உப்புத் தண்ணியில ஊற வெக்கலையா? காரல் போவாதே! உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

எனக்கு எப்படித் தெரியும், மாமா? பழம் ஊறுவதற்குச் சத்தம் ஏது? ஒருநாள், ஒரே ஒருநாள் திரும்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

நான் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். முதலில் இனிப்பு, அடுத்து மிளகு, கடைசியில் காரல். அழுதேன். "காரலும்மா, துப்பிடு" என்றாள் மேரி. துப்பவில்லை. இவ்வளவு இனிக்கும் என்று ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று உங்கள்மேல் கோபம் வந்தது. சொன்னீர்கள். பத்து வருஷமும் சொன்னீர்கள்.

அடுத்த பாஸ்குக்கு முதல்நாளே பழத்தை உப்புத் தண்ணீரில் போட்டுவைப்பேன். கூடத்தில் உட்காரமாட்டேன். உங்கள் அடுப்புக்கு முன்னால், அதைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பேன். உங்கள் கிண்ணத்தில் முதல் துண்டை நானே எடுத்துச் சாப்பிடுவேன். இது சத்தியம்.

சைவம் கெட்ட சைவக்காரி,
உங்கள் பெண்டாட்டி.