மூன்றாம் வரிசைக் கண்ணாடி

அக்கா,

இன்று காலை ஐதராபாத் பேகம்பேட்டில் வாடகைக் காரின் கதவைத் திறந்ததும் அந்த வாடை முகத்தில் அடித்தது. ஸ்ட்ராபெரி. பழத்தின் வாசனை இல்லை. ஏசி காற்று வருகிற துவாரத்தில் சொருகியிருந்த சின்ன டப்பாவிலிருந்து வரும் ஒரு செத்த இனிப்பு. அதற்கு அடியில் யார் வீட்டுப் பிரியாணியோ, எந்தக் குழந்தையின் திரிந்த பாலோ. உங்கள் ஞாபகம் இப்படி நாற்றத்தோடு வருவது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் இப்படித்தான் வருகிறது.

நம் ஊர் வேதக்கோயிலில் எல்லாருக்கும் பந்தி போடுகிற அசனத்துக்கு மறுபடியும் கிளம்பியிருக்கிறோம். நீங்கள் இல்லாத முதல் அசனம். உங்கள் பேரில் ஒரு அண்டா சோறு போடப்போவதாக அத்தான் சொல்லியிருக்கிறார். பிரயாணத்துக்காக ஜெபிக்க நேற்று பாஸ்டர் வந்திருந்தபோது பேச்சு உங்களைப் பற்றித் திரும்பியது.

"அவளுக்குக் காருன்னாலே ஆகாது பாஸ்டர். ஏறுனா வாந்திதான். அவளுக்காகவே ஊரு வரைக்கும் நான் மெதுவா ஓட்டிட்டுப் போவேன்" என்று அத்தான் சொன்னார். சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்தார்.

அவர் உங்கள் கணவர், என் வீட்டுக்காரரின் அண்ணன். உங்களை நினைத்து அவர் அழுவது எனக்குத் தெரியும். கண்ணீர் நிஜம், கதை பொய். ஒரே முகத்தில் இரண்டையும் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது. கையிலிருந்த காபியைக் குடிக்க முடியாமல் கொண்டுபோய்க் கொட்டினேன்.

உங்களுக்கா கார் ஆகாது? சனத்நகர் வீட்டிலிருந்து பேகம்பேட் ஆபீசுக்கு, அமீர்பேட் நெரிசலுக்குள் புகுந்து, தினமும் அந்தப் பழைய சின்னக் காரை ஓட்டிக்கொண்டு போனவர் நீங்கள். ஆட்டோ குறுக்கே வந்தால் கண்ணாடியை இறக்கி, "கைக்கு பாய், இத்னி ஜல்தி?" என்று சிரித்துக்கொண்டே கேட்பீர்கள். என்ன அவசரம் என்று கேட்கப்பட்ட ஆட்டோக்காரரும் சிரித்துவிடுவார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில், பக்கத்து சீட்டில் உட்கார்ந்து நான் வாயைப் பிளந்துகொண்டு வருவேன்.

அந்தக் காரில் ஏழு பேர் ஏற முடியாது என்றுதான், பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அசனத்துக்குப் போக, ஏழு சீட் வண்டியை வாடகைக்கு எடுத்தோம். டிரைவர் கிடையாது, நாமே ஓட்டிக்கொள்ள வேண்டும். அத்தானின் லைசென்ஸ் காலாவதியாகிக் கிடந்தது. அதைப் புதுப்பிக்கச் சொல்லிச் சொல்லி உங்களுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். என் வீட்டுக்காரரிடம் இருந்தது பைக் லைசென்ஸ். அதனால் வண்டி உங்கள் பேரில் வந்தது. கொண்டுவந்த ஆள் சுற்றிச் சுற்றி வீடியோ எடுத்தார், மேடத்தைத் தவிர யாரும் ஓட்டக் கூடாது என்று சொல்லிச் சாவியை உங்களிடம் கொடுத்தார். அவர் தெருமுனை திரும்புவதற்குள் அத்தான் கையை நீட்டினார். நீங்களும் கொடுத்துவிட்டீர்கள்.

அத்தான் ஓட்ட, வழி சொல்ல என்று என் வீட்டுக்காரர் முன்னால் ஏறிக்கொண்டார். நடு சீட்டில் மாமியார், என் மகன், மாமியார் மடியில் உங்கள் மூன்று வயது மகள். மூன்றாம் வரிசையில் நீங்களும் நானும், மடியில் பைகளோடு. கால் வைத்த இடத்தில் காய்ந்த சோற்றுப் பருக்கைகள். பெல்ட்டை இழுத்தால் அதோடு யாருடைய நீள முடியோ சுற்றிக்கொண்டு வந்தது. தண்ணீர் பாட்டில் வைக்கிற குழியில் விரல் ஒட்டியது. நான் அதைச் சேலையில் துடைக்கவும் மனசில்லாமல் அந்தரத்தில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீங்கள் அதைப் பார்த்துவிட்டு, "நாம இறங்குறப்போ இதுல நம்ம முடியும் கிடக்கும், விடு" என்றீர்கள்.

கர்னூல் தாண்டியதும் உங்களுக்கு முகம் வெளுத்தது. காற்று வேண்டும் என்று கண்ணாடியைத் தடவினீர்கள். இறக்குவதற்குப் பொத்தானும் இல்லை, கைப்பிடியும் இல்லை. மூன்றாம் வரிசைக் கண்ணாடி திறக்காது என்பது அப்போதுதான் நம் இருவருக்கும் தெரிந்தது. முன்னால் என் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு காலையும் டேஷ்போர்டில் தூக்கி வைத்திருந்தார். அந்தக் கால் வாடையும், அந்த வண்டியிலும் சொருகியிருந்த ஸ்ட்ராபெரி டப்பாவின் வாடையும் ஏசி வழியாக நேரே நம்மிடம் வந்துகொண்டிருந்தன.

"அத்தான், வண்டிய நிறுத்துங்க, அக்காவுக்கு முடியல" என்றேன்.

"இப்பத்தான வேகம் எடுத்திருக்கேன். அஞ்சு நிமிசம்."

முறுக்கு இருந்த கவரைக் காலி செய்து உங்கள் வாயருகே பிடித்தேன். நீங்கள் குனிந்து வாந்தி எடுத்த சத்தம் வண்டி முழுக்கக் கேட்டது. அத்தான் திரும்பவில்லை.

"சீட்டுல பட்டுட்டா?" என்றார்.

என் மகன் மூக்கைப் பொத்திக்கொண்டு, "கம்பு கொடுத்தோந்தி" என்று தெலுங்கில் சொன்னான். நாறுகிறதாம். சூடான அந்தக் கவரை நான்தான் மடியில் வைத்திருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன் அக்கா, எனக்கு அது அருவருப்பாக இல்லை. அந்த 'சீட்டுல பட்டுட்டா'தான் இன்றைக்கும் குமட்டுகிறது.

முன் சீட்டை உங்களுக்குத் தரச் சொல்லி நான் கேட்டபோது, "முன்னால வெயிலு மூஞ்சில அடிக்கும், மதினிக்கு ஒத்துக்காது" என்றார் என் வீட்டுக்காரர், டேஷ்போர்டிலிருந்து காலை எடுக்காமலேயே. அன்று ஓசூர் லாட்ஜ் போய்ச் சேருகிற வரையில் கவர்களைத்தான் மாற்றிக்கொண்டிருந்தோம்.

மறுநாள் கிருஷ்ணகிரி தாண்டி, வாடகை வண்டிக்குரிய கறுப்பு நம்பர் பலகையில் மஞ்சள் எழுத்தைப் பார்த்துப் போலீஸ்காரர் ஒருவர் வண்டியை ஓரங்கட்டச் சொன்னார். லைசென்ஸ் கேட்டார். அத்தான் தன்னுடையதை நீட்ட, அவர் தேதியைப் பார்த்துவிட்டு, "வண்டி யார் பேருல எடுத்தது?" என்றார்.

"பின்னால இருக்கா" என்றார் அத்தான்.

நீங்கள் வெளியே வர வேண்டுமானால் நடு சீட்டை மடக்க வேண்டும். மாமியார் இறங்கினார், பிள்ளைகளை இறக்கினார்கள், பைகளையெல்லாம் ரோட்டோரம் அடுக்கினார்கள். இத்தனையையும் கைகட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார் போலீஸ்காரர். கடைசியில், கசங்கிய சேலையோடு வாயைத் துடைத்துக்கொண்டு நீங்கள் இறங்கினீர்கள்.

"ஓட்டத் தெரிஞ்சவங்களயா இந்த மூட்டைக்குள்ள வச்சிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு, இவர் ஓட்டினால்தான் வண்டி நகரும் என்று அத்தானிடம் கறாராகச் சொன்னார்.

சீட்டை முன்னால் இழுத்தீர்கள். ஸ்ட்ராபெரி டப்பாவைப் பிடுங்கி ஒரு கவரில் முடிந்து, "இத டிக்கில போடு" என்று என்னிடம் தந்தீர்கள். திறக்கிற கண்ணாடிகள் அத்தனையையும் இறக்கினீர்கள். பிறகு முன் கதவைக் காட்டி, "நீ இங்க உக்காரு" என்றீர்கள். என் வீட்டுக்காரர் மூன்றாம் வரிசைக்குப் போனார். தொப்பூர் இறக்கத்தில் முன்னும் பின்னும் லாரிகள். நடு சீட்டிலிருந்து அத்தான், "பிரேக்கு, பிரேக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார். "நக்கோ ஜி, பேசாம வாங்க" என்றீர்கள், கோபமே இல்லாமல். சேலம், மதுரை, நெல்லை என்று அத்தனை தூரத்தையும் நீங்கள்தான் ஓட்டினீர்கள். ஒரு தடவைகூட உங்களுக்குப் புரட்டவில்லை.

மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் பிரிகிற ஊர் விலக்கில் வண்டியை நிறுத்தச் சொன்னார் அத்தான். மறுபடியும் அந்தக் கை நீண்டது.

"கோயில் வாசல்ல நாலு பேரு நிப்பாங்கம்மா. அவனே ஓட்டட்டும்" என்றார் மாமியார்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "விடு, கொஞ்ச தூரந்தான்" என்று சாவியைக் கொடுத்துவிட்டு நீங்கள் பின்னால் போய் ஏறினீர்கள். அந்தக் கொஞ்ச தூரம் முழுக்கக் குண்டும் குழியும். கோயில் வாசலில் வண்டி நின்றபோது கையில் கவரோடு இறங்கிய உங்களைத்தான் ஊரே பார்த்தது. "ஐதராபாத்துல இருந்து ஒத்த ஆளா ஓட்டிட்டு வந்திருக்கானே" என்று யாரோ அத்தானின் தோளைத் தட்டினார்கள். அவர் சிரித்தார். பந்தியில் சாம்பார் வாளியோடு போய்க்கொண்டிருந்த நீங்களும் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பை மட்டும் நான் இன்னும் மன்னிக்கவில்லை, அக்கா.

நீங்கள் நோயில் விழுந்து இறந்துபோன பிறகு நான் அமீர்பேட்டில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். இந்த வண்டி என் பேரில் வந்திருக்கிறது. மாமியார் முழங்கால் வலியால் வரவில்லை, என் மகன் பரீட்சையால். இன்று காலை சனத்நகர் வீட்டு வாசலில் நிறுத்தியதும் உங்கள் மகள்தான் முதலில் இறங்கி வந்தாள். உங்கள் உயரம் வந்துவிட்டது. வாயில் வாந்தி மாத்திரையைப் போட்டுக்கொண்டு நேராக மூன்றாம் வரிசையில் ஏறப் போனாள். "ஐ ஆம் லைக் மம்மி, சித்தி. எனக்கும் கார் செட் ஆகாது. டாடி சொன்னாங்க" என்றாள்.

ஒரு பொய் உங்களோடு நின்றிருந்தால்கூடப் பொறுத்திருப்பேனோ என்னவோ. அதை ஒரு பிள்ளையின் வயிற்றுக்குள் வைத்திருக்கிறார்கள். அத்தான் வந்தார், பழக்கத்தில் கையை நீட்டினார். "வண்டி எம் பேருல எடுத்திருக்கு அத்தான்" என்றேன். அவர் நடு சீட்டில் ஏறினார். என் வீட்டுக்காரர் யாரும் சொல்லாமலேயே பின்னால் போனார். உங்கள் மகளை முன்னால் உட்காரவைத்துக் கண்ணாடியை இறக்கினேன். ஸ்ட்ராபெரி டப்பா கவரில் முடிந்து டிக்கிக்குப் போனது.

கர்னூல் தாண்டி அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. முன்னால் உட்கார்ந்தால் புரட்டாது என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். போலீஸ்காரரிலிருந்து ஊர் விலக்கு வரை எல்லாவற்றையும் சொன்னேன், பின்னால் கேட்கிற மாதிரி உரக்கவே.

"மம்மியா? மம்மியா அவ்ளோ தூரம் ஓட்டுனாங்க?"

"ஹவ்" என்றேன். ஆமாம் என்பதற்கு நீங்கள் சொல்லும் வார்த்தைதான். எப்போது என் வாயில் வந்து ஒட்டியதோ தெரியவில்லை.

அவள் ஸ்டியரிங்கிலிருந்த என் கைகளைப் பார்த்தாள். அப்புறம், "எயிட்டீன் ஆனதும் நானும் கத்துக்குறேன் சித்தி" என்றாள்.

இதை ஓசூர் லாட்ஜில் உட்கார்ந்து எழுதுகிறேன். அவள் பக்கத்தில் தூங்குகிறாள். சாவி என் கைப்பையில் இருக்கிறது. நாளைக்கு ஊர் விலக்கு வரும். அத்தான் கையை நீட்டுவார்.

நீட்டட்டும்.