குடிக்காத நாள்

நீடாமங்கலம்
12.10.2024

கவிக் கண்ணுக்கு அப்பாயி எழுதுவது.

உன் தாத்தா நடராசன், என் தம்பி வைத்திலிங்கம், பூசாரி மாரியப்பன், நான், உன் அப்பன் பரணிதரன். அன்னிக்கு முனியன் திடலில் இருந்தது இவ்வளவு பேர்தான். உன் அப்பன் முதல்முதலா எப்பக் குடிச்சான்னு கேட்டிருந்தியே, அதுக்குச் சொல்றேன். குறுவை அறுத்து முடிச்ச படையல். அவனுக்குப் பன்னெண்டு வயசு. முனியனுக்கு வச்ச சாராயத்தை ஆம்பளைங்க எல்லாரும் ஒரு வாய் எடுக்கணும்னு வைத்திலிங்கம் கொட்டாங்கச்சியில் ஊத்தி நீட்டினான். வேணாம்டான்னேன். "சாமி பிரசாதம்க்கா, வேணாங்கக் கூடாது"ன்னான். உன் தாத்தா சிரிச்சார். அப்புறம் வருஷா வருஷம் படையலுக்கு, பிறகு படையல் இல்லாமலும். வைத்திலிங்கம் சாவுக்குக்கூட நான் போகலை.

போனில் நீ பேசுறது காதில் விழமாட்டேங்குது. உன் எலி ஆராய்ச்சி என்னன்னு எழுதிப் போடு.

அப்பாயி பிரகதாம்பாள்


பெங்களூரு
3.11.2024

அன்பு அப்பாயி,

கால் வீக்கம் வற்றியதா? மாத்திரையை விடாதீர்கள்.

இளம் எலிகளுக்குச் சாராயம் கொடுத்து, வளர்ந்தபின் அவற்றின் மூளையைப் பார்க்கிறோம். மரபணுக்களை நம் வாய்க்கால்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். குடி வாய்க்காலைத் தூர்ப்பதில்லை. மதகுப் பலகைகளை மாற்றிப் போட்டுவிடுகிறது. பயத்தைத் தணிக்கிற பக்கம் பாய்ச்சல் குறைகிறது. குடியை நிறுத்தி நாளானாலும் சில பலகைகள் இறங்கியே கிடக்கின்றன. அந்த எலி எதற்கும் பதறுகிறது, மறுபடி சாராயத்தையே தேடுகிறது. எலியில் கண்டதை மனிதருக்கு அப்படியே சொல்ல முடியாதுதான். ஆனாலும் அப்பாவை நினைக்காமல் என்னால் பார்க்க முடியவில்லை.

தை மாதம் தஞ்சாவூர் மறுவாழ்வு இல்லத்திலிருந்து அப்பாவை அனுப்புகிறார்கள். போவதற்கு ஒரு வீடு இல்லையென்றால் மறுபடி விழுந்துவிடுவார் என்கிறார் டாக்டர். நம் வீட்டுக்கு வரட்டும், அப்பாயி. குற்றம் முழுக்க அவருடையது இல்லை. மன்னித்துவிடுங்கள்.

உங்கள்
கவிப்ரியா


நீடாமங்கலம்
20.11.2024

கவிக்கு அப்பாயி.

மழையில் நட்டதெல்லாம் முழுகி எழுந்திருக்கு. கால் பரவாயில்லை. எலிக்கு யார் ஊத்திக் குடுக்கிறது, நீயா? இதுக்கா அவ்வளவு படிச்சே.

உன் கடுதாசியைப் படிச்சதும் வைத்திலிங்கம் மேல கோபம் கூடியிருக்கணும். தேடிப் பார்த்தேன், காணோம். சாமி குடுத்ததுன்னு நம்பின மடையன். விட்டுட்டேன். உன் அப்பன் குடிச்சிட்டு என்னை அடிச்சது, விதைநெல்லை வித்தது எல்லாத்தையும் அந்தப் பலகை மேலயே போட்டுக்க. அதையும் விட்டுட்டேன்.

உனக்குத் தெரியாத ஒரு நாள் இருக்கு. நீ சின்னப் பிள்ளை. உன் அம்மா கலைமகளுக்குக் காரியம் முடிஞ்ச மறுநாள் காலை. அவன் குடிக்கலை. தொட்டே நாளாச்சு. கை நடுங்கலை. குளிச்சு, சலவை வேட்டி கட்டிக் கிளம்பினான். நீ அவன் காலைக் கட்டிக்கிட்டே. உன் விரலை ஒவ்வொண்ணா பிரிச்சு எடுத்தான். "இதைப் பார்த்தா அவ ஞாபகம் வருது, நீயே வச்சுக்க"ன்னான். பஸ் ஏறிட்டான்.

குடிக்காத நாளிலும் பலகை இறங்கியே கிடக்கும்னு எழுதியிருக்கே. இருக்கலாம். உன் எலி அதோட குட்டியை அப்படிப் பிரிச்சுப் போட்டுட்டுப் போகுமான்னு பார்த்து எழுது.

அவன் வரட்டும். மேற்கு அறையைக் கூட்டி வச்சிருக்கேன். மூணு வேளையும் சோறு போடுறேன். நீ மன்னிக்கிறது உன் பாடு. நான் மன்னிக்காத ஆளுன்னு இனி மிச்சம் ஒருத்தன்தான். பரணிதரன்.