சைலன்சர் வேண்டாம், நீ வந்தால் போதும்

மல்வேர்ன், ரொறன்ரோ
செப்ரெம்பர் கடைசி

அன்புத் தம்பி கஸ்பருக்கு,

அக்கா பேர்ணடெற் எழுதுவது. ஆண்டவர் துணையால் இங்கே சுகம். நீயும் அனோஜாவும் நோர்வேக் குளிருக்குள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்க இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போனில் உன்னை ஏசினால், என் முகத்தைப் பார்த்தே அத்தான் விஷயத்தைப் பிடித்துவிடுவார்.

நீ வருகிறபோது அவருக்கு ஒரு சைலன்சர் கொண்டுவருவதாகச் சொன்னாயாம். நான் காருக்கென்றல்லவா நினைத்தேன்! "கார் சத்தம் போடேல்லையே, உது ஏன் நோர்வேயிலயிருந்து?" என்று கேட்டதற்கு மனிசன் மழுப்பிச் சிரித்தார். பிறகு மகள் ஜெசிகாதான் சொன்னாள், அது வேட்டைத் துவக்கின் நுனியில் பூட்டுகிற சாமானாம். படத்தில் வருவதுபோல வெடியை ஊமையாக்காது, காதில் விழுகிற அடியைக் குறைக்கும், அவ்வளவுதானாம். உங்கள் பக்கம் கடையிலேயே வாங்கலாமாம். நல்ல சாமான்தான். ஆனால் கனடாவில் அது தடை. எயர்போட்டில் பிடிபட்டால் வழக்கு, மறியலில் கம்பி எண்ணுவதுதான். "மாமா முடிஞ்சார், அம்மா" என்கிறாள் பிள்ளை. உனக்கு மூளை எங்கேயடா போனது? அவர் கேட்டால் நீ உடனே ஓம் என்பதா?

அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. போன வருடம் மான் வேட்டைக்குப் போய் வந்ததிலிருந்து இடது காதில் ஓயாத இரைச்சல். காதை மூடாமல் இனி ஒரு வெடிகூட வைக்கக்கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். காதுமூடியைப் போடுங்கோ என்றால், "போட்டா மான் வாறது கேக்காது" என்கிறார். ஜெசிகா இப்போது புதுவிதமான ஒன்று எடுத்துக் கொடுத்திருக்கிறாள். மெல்லிய சத்தத்தை உள்ளே விட்டு, வெடிச்சத்தத்தை மட்டும் தடுக்குமாம். அதைப் பெட்டிகூட உடைக்காமல் வைத்துவிட்டு உன் சாமானுக்காகக் காத்திருக்கிறார். நீ வெறுங்கையோடு வந்தால்தான் அதைப் போடுவார்.

வேட்டையை விடச் சொல்ல என்னால் முடியாது. வருடம் முழுக்க பக்டரியில் மாய்கிற மனிதர். நவம்பரில் வேலைக் கூட்டாளி கிருபனோடு காட்டுக்குப் போய் வந்தால்தான் முகத்தில் ஒரு செழிப்பு. வந்த கையோடு மான் இறைச்சிக் கறி வைப்பதும் அவர்தான், என்னைக் குசினிக்குள் விடமாட்டார்.

அதனால் விளையாட்டுக்கும் அதைக் கொண்டுவராதே. கேட்டால், கிடைக்கவில்லை என்று சொல். பொய் சொன்ன பாவம் என் தலையில் இருக்கட்டும்.

இன்னொன்று தம்பி. எயர்போட்டில் நீ "அத்தான்" என்று கூப்பிட, அவர் திரும்பாமல் நின்றால் கோவிக்காதே. கிட்ட வந்து தோளில் கை வை. வலது பக்கமாக நின்று பேசு. இப்போது நானும் அப்படித்தான் செய்கிறேன்.

மடு மாதா உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அக்கா பேர்ணடெற்