இரண்டு வீட்டுக்கு ஒரே எண்ணெய்ச் சட்டி

21 ஜனவரி 2006, சனி
இன்று பள்ளிக்கூடம் அரை நாள். மதியம் அடுக்களையை ஒழுங்குபடுத்தினேன். பரண்மேல் கிறிஸ்துமஸ் பலகார டின்கள் அப்படியே இருந்தன. மூடியைத் திறந்ததும் சிக்கு வாடை. முறுக்கு நமுத்துவிட்டது, அதிரசம் கல்லாகிவிட்டது. பாதி நான் சுட்டது. மீதி பக்கத்து வீட்டு மார்த்தா அக்கா கொடுத்தது. அவள் இவருடைய அண்ணன் மனைவி. கல்யாணமான நாளிலிருந்து ஓரகத்திகள், இடையில் ஒரே சுவர். நான் ஒரு டின் கொடுத்தால் அவள் இரண்டு கொடுப்பாள். இங்கே இருப்பது நாங்கள் இருவரும் மகள் பிரின்சியும்தான். யார் தின்பது?

மாட்டுத் தொட்டியில் கொட்டிக்கொண்டிருந்தேன். பின்பக்கம் அக்கா நின்றதைப் பார்க்கவில்லை.

"அது என் கை அதிரசமா, ஆத்தா?"

"கெட்டுப்போச்சுக்கா" என்றேன்.

"மாட்டுக்காவது பிடிக்குதான்னு பாரு."

போய்விட்டாள்.

22 ஜனவரி, ஞாயிறு
கோவிலில் என் பக்கத்தில் இடம் இருந்தது. அக்கா முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.

16 ஏப்ரல், ஈஸ்டர்
அக்கா வீட்டுக்காரர், பெரிய மச்சான், ஆட்டுக்கறியைத் தூக்குவாளியில் கொண்டுவந்து கொடுத்தார். அக்கா வரவில்லை. அண்ணனும் தம்பியும் தினமும் ஒரே திராட்சைத் தோட்டத்தில்தான் நிற்கிறார்கள், ஒன்றாக மருந்தடிக்கிறார்கள், ஒரே பாத்திரத்தில் சோறு தின்கிறார்கள். எங்கள் சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லையாம். இந்த ஆம்பளைகளுக்கு எப்படித்தான் முடிகிறதோ.

26 அக்டோபர், வியாழன்
நேற்று ரம்ஜான். உத்தமபாளையத்தில் சல்மா டீச்சர் வீட்டுக்குப் போயிருந்தோம். பள்ளிக்கூடத்தில் எனக்கு அடுத்த வகுப்பு அவளுக்கு. சாப்பிட்டு முடித்துப் பேசிக்கொண்டிருந்தபோது சொன்னாள்: "ரெஜினா டீச்சர், கோவிச்சுக்காதீங்க. கிறிஸ்துமஸுக்கு எங்களுக்குப் பலகாரம் வேணாம். நீங்க வாங்க, போதும். வருசா வருசம் வாசல்ல நின்னு தட்டை நீட்டிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுறீங்க. ஒரு வருசமாவது உக்காந்து டீ குடிச்சிருக்கீங்களா?"

சிரித்துச் சமாளித்தேன். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசனை. உட்கார்ந்ததே இல்லைதான்.

3 டிசம்பர், ஞாயிறு
கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் இன்று தொடங்கியது. இவரிடம் சொன்னேன்: இந்த வருடம் டின் டின்னாகச் சுடப்போவதில்லை. முறுக்கு, அதிரசம், அதுவும் இரண்டு நாளில் தீர்கிற அளவு.

"ஊருக்குள்ள தலை காட்ட முடியாது. என் பேரைச் சொல்லி, இன்னாசி வீட்ல அடுப்பே பத்த வைக்கலையான்னு கேப்பாக" என்றார்.

பிரின்சி என் பக்கம். "எனக்குச் சட்டியிலருந்து எடுத்த சூட்டோட வேணும். டின்னு முறுக்கு வேணாம்."

ஊர் கேட்பது எனக்குப் பெரிதில்லை. அக்கா என்ன நினைப்பாள்? அவளுக்குக் கொடுக்கக் கூடாது என்றே சுடாமல் இருக்கிறேன் என்பாள். சுட்டுக் கொடுத்தாலோ, வாங்கிக்கொள்வாளா? என்ன செஞ்சாலும் தப்பாப் போகுமே.

10 டிசம்பர்
பிரின்சி கடை நட்சத்திரம்தான் வேண்டும் என்றாள். போன வருடத்து மூங்கில் நட்சத்திரத்தையும் கலர்த் தாளையும் கையில் கொடுத்தேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒட்டினாள். முடிந்ததும் ஓடிப்போய் பெரிய மச்சானைக் கூட்டிவந்து காட்டினாள்.

16 டிசம்பர், சனி
அக்கா பெரிய அண்டாவில் அரிசி ஊறப்போட்டிருக்கிறாள். அங்கே இருப்பது அவளும் மச்சானும் மட்டும். மச்சானுக்குச் சர்க்கரை. மகன் திருப்பூரில், மகளைக் கட்டிக்கொடுத்தது மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில், நெடுங்கண்டத்தில். பிறகு யாருக்கு இவ்வளவு?

17 டிசம்பர், ஞாயிறு
போய்விட்டேன். யோசித்துக்கொண்டிருந்தால் போயிருக்க மாட்டேன்.

அக்கா ஊறிய அரிசியை வெள்ளைத் துணியில் உலர்த்திக்கொண்டிருந்தாள். வா என்று சொல்லவில்லை. நானே உட்கார்ந்தேன்.

"அக்கா, இந்த வருசம் நான் தனியாச் சுடல. உங்ககூட உக்காந்து சுடலாம்னு வந்தேன். ரெண்டு வீட்டுக்கும் ஒரே சட்டி. திங்குற அளவு போதும்."

"திங்குற அளவு சுட அது என்ன இட்லியா?"

"மிஞ்சிப்போய்க் கெடுதேக்கா."

அரிசியைத் தள்ளிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "கெடத்தான் செய்யும். எனக்குத் தெரியாதா? பிள்ளைக வருவாகன்னு சுடுறேன். வருசா வருசம் லீவு இல்லம்பாக. சரி, பிரின்சியாவது திங்கட்டும்னு அள்ளி அள்ளி உன் வீட்டுக்குக் குடுத்தேன். நீ அதையும் தொட்டியில கொட்டிட்டா, நான் யாருக்குத்தான்டி சுடுறது?"

போட்டிக்குக் குடுக்குறாள்னுல்ல நெனச்சேன் இத்தனை வருசமா! நானும் போட்டிக்குத்தானே குடுத்தேன்.

அவள் கையைப் பிடித்தேன். உதறவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

18 டிசம்பர்
பதில் இல்லை.

19 டிசம்பர்
இன்றும் இல்லை. இவர் கேட்டார், "என்னாச்சு?" தெரியாது என்றேன்.

20 டிசம்பர், புதன்
சாயங்காலம் சுவருக்கு மேல் அக்காவின் தலை. "சனிக்கிழமை காலையில வந்துரு. உன் எண்ணெய்ச் சட்டியைக் கொண்டா, என்னுது கைப்பிடி ஆடுது. அந்த அரிசியில பாதிக்குமேல தோசைக்குப் போட்டுட்டேன். போதுமா?"

"போதும்க்கா."

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். டீச்சராச்சே" என்று ஒரு குத்து. பரவாயில்லை. குத்துவதற்காவது பேசினாளே!

23 டிசம்பர், சனி
கை வலிக்கிறது, ஆனாலும் எழுத வேண்டும்.

அக்கா அதிரசம் தட்டினாள், நான் போட்டு எடுத்தேன். என்னுடையது எப்போதும் எண்ணெயில் பிரிந்துபோகும், அவள் தட்டியது ஒன்றுகூடப் பிரியவில்லை. முறுக்கு என் பங்கு. பிரின்சி பக்கத்திலேயே உட்கார்ந்து எடுக்க எடுக்கத் தின்றாள். "ஏத்தா, தட்டுல நாலு சேரவிடு" என்று அக்கா அதட்டினாள். அதட்டிவிட்டு நல்லதாகப் பார்த்து அவளே எடுத்துக் கொடுத்தாள்.

தோட்டத்திலிருந்து இருவரும் வந்தார்கள். பெரிய மச்சான் அதிரசத்துக்குக் கை நீட்டினார்.

"சர்க்கரை!" என்றாள் அக்கா.

"பாதிதான்."

"மீதிப் பாதி?"

"அது தம்பிக்கு" என்றார். இவர் வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். அக்கா சிரித்த சிரிப்பில் மாவுக்கையோடு கண்ணைத் துடைத்து, முகமெல்லாம் மாவு.

மதியத்துக்குள் முடிந்துவிட்டது. முன்பெல்லாம் இதற்கு இரண்டு நாள் போகும்.

25 டிசம்பர், திங்கள்
பூசை முடிந்து, அக்காவும் நானும் தெருவில் நாலைந்து வீட்டுக்குப் போனோம். ஒரு வீட்டில் கேட்டேவிட்டார்கள்: "என்ன ரெஜினா, இந்த வருசம் தட்டு வரலையே?"

நான் பதில் தேடுவதற்குள் அக்கா உள்ளே போய் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "தட்டு வராது. நாங்கதான் வருவோம். டீயைப் போடு."

அவர்களுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு டீ வந்தது.

சாயங்காலம் எல்லோரும் பஸ் ஏறி சல்மா வீட்டுக்குப் போனோம். அக்காவுக்கு அவள் புதிது. கிளம்பும்போது அக்காதான் "இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருக்கலாம்" என்றாள்.

26 டிசம்பர்
தீர்ந்துவிட்டது. கடைசி முறுக்குக்குப் பிரின்சியும் இவரும் சண்டை.

30 டிசம்பர், சனி
மூன்று மணி இருக்கும், அக்கா வந்தாள். கையில் ஒன்றும் இல்லை. உப்புப் புளி ஏதாவது வேண்டுமா என்று கேட்டேன். இல்லையாம்.

உட்கார்ந்தாள். நெடுங்கண்டத்திலிருந்து மகள் போன் செய்தாளாம். பேத்திக்கு மலையாளம்தான் வாயில் வருகிறதாம். போனில் "அம்மச்சி" என்று கூப்பிட்டதாம். அதை அந்தக் குரலிலேயே சொல்லிக் காட்டினாள். சிரித்தாள். டீ போட்டேன். மறுபடி ஏதேதோ பேசினோம், விளக்குப் போடும் வரை.

போகும்போதுதான் கேட்டேன், "எதுக்குக்கா வந்தீக?"

"எதுக்கு? சும்மாதான்" என்றாள்.